யாருடைய விருப்பம்?

சேவை செய்பவர் யாருடைய விருப்பத்தைப் பின்பற்ற வேண்டும்? தம்முடையதையா, சேவையை ஏற்பவருடையதையா?

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியில், 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூத ஜெபாலயம் இருக்கும் தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி வாழ்ந்தார். துணிகளில் பூத்தையல் செய்து விற்பது அவரது தொழில். 1999-இல் கணவர் மறைந்தார்; பிள்ளைகள் இல்லை. முதுமையில் அவரைப் பராமரித்தவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் அன்பர். 2019 ஆகஸ்டு 30 அன்று, 96 வயதில், சாரா யூதராகவே வாழ்ந்து மறைந்தார். இதிலுள்ள மத நல்லிணக்கத்தைப் பலரும் போற்றினர். இன்னோர் உண்மையும் இதில் உண்டு. பராமரித்தல் என்பது ஒருவரை நம் வழிக்குக் கொண்டுவருவதன்று. அவர் தம் வழியிலேயே வாழத் துணை நிற்பதாகும்.

ஒரு வீட்டில் இயல்வது, பலர் வாழும் முதியோர் இல்லத்தில் இயலுமா? 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், ஆதரவற்ற முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லங்களை மாவட்டந்தோறும் அமைப்பதைப் பற்றிக் கூறுகிறது. அத்தனை பேரைக் கவனிக்க ஒழுங்குமுறை தேவைதான். ஆனால் மாலையில் வெந்நீரில் குளித்துப் பழகியவரை விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டுவது யாருடைய நன்மைக்காக? ஆண் பணியாளர் உடை மாற்ற வந்தால் கூசும் மூதாட்டியிடம், 'இந்த வயதில் என்ன வெட்கம்?' என்று கேட்கலாமா? உடல் தளர்ந்ததால் மானம் தளர்ந்துவிடுவதில்லை.

விரும்பியதையெல்லாம் கொடுப்பதா என்று கேட்கலாம். சர்க்கரை நோயாளி இனிப்பை நாடினால், தீங்கை எடுத்துரைப்பது கடமை. ஆனால் அவரது நலனுக்காக விதிப்பது வேறு. நமது வசதிக்காக விதித்துவிட்டு அதற்கு நலன் என்று பெயரிடுவது வேறு. இரண்டையும் பிரித்தறிவதே விவேகம். நினைவு தப்பியவரிடம் எப்படிக் கேட்பது? சொற்கள் மறந்தாலும், நெடுநாளைய பழக்கங்கள் எளிதில் மறைவதில்லை. அவர் முகம் சுளிப்பதும், நம் கையைத் தட்டிவிடுவதும்கூட விடைகளே.

பூஜையில் நாம் இதை நன்கு அறிவோம். விஷ்ணுவுக்கு அலங்காரம், சிவனுக்கு அபிஷேகம். அவருக்குத் துளசி, இவருக்கு வில்வம். கேளாத தெய்வத்தின் விருப்பத்தை இவ்வளவு நுட்பமாக நினைவில் வைக்கும் நாம், எதிரில் படுத்திருக்கும் முதியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மனிதருக்குச் செய்யும் சேவை பூஜையாக வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாளைக் காலை பாத்திரத்தில் நீரை நிரப்புமுன் கேட்போம்: 'இப்போது குளிக்கிறீர்களா, சற்றுப் பொறுத்தா?' விடைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில கணங்களும் வழிபாடே.