மழிகத்தியின் அழகும் பயனும்

ஒரு பொருள் தன் பணியைச் செவ்வனே செய்வதாலேயே அழகுடையதாகிறதா, அன்றி அழகு பயனைச் சாராத தனிப்பண்பா என்னும் பழைய வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் செய்யப்பட்ட மழிகத்திகளைப் பற்றிய கருத்து வேறுபாடுகளில் தெளிவாகப் புலப்படுகிறது. செனோபோன் எழுதிய சாக்ரடீஸ் நினைவுரைகளில், பணிக்குப் பொருந்திய சாணக்கூடை அழகியது என்றும் பொருந்தாத பொற்கேடயம் அழகற்றது என்றும் சாக்ரடீஸ் வாதிடுகிறார்; மெய்யியலாளர் கான்ட்டோ 1790இல் வெளியிட்ட நூலில், நோக்கம் எதையும் கருதாமல் உணரப்படும் கட்டற்ற அழகையும், பொருள் எவ்வாறு இருக்க வேண்டும் என்ற கருத்தைத் தழுவிய சார்பழகையும் வேறுபடுத்தினார்.

ஷெஃபீல்டின் தொடக்ககாலக் கத்திகள் ஆப்புப்போல் தடித்தவை. முரட்டுத் தாடியில் அவற்றின் கனமே உறுதி தருகிறது என்பர் ஒரு சாரார். இரு பக்கங்களையும் உட்குழியத் தேய்த்து அலகை மெல்லியதாக்கும் குழிவுச் சாணையால் சோலிங்கன் புகழ்பெற்றது. அவ்வலகு எளிதில் தீட்டப்படும், நெகிழ்ந்து கொடுக்கும் என்பர் மற்றொரு சாரார். முதுகும் வாய்விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியத் தீட்டப்படுவதால், முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே வெட்டுக்கோணத்தை வரையறுக்கின்றன; இங்கே வடிவத்தைப் பயனிலிருந்து பிரிக்க இயலாது என்பதால் சாக்ரடீஸின் கூற்றே வலுவுடையது. தந்தப் பிடியும் அலகில் பொறித்த சித்திரமும் மழிப்பை இம்மியும் மேம்படுத்தாவிடினும், அவற்றைச் செய்த கைகளின் அக்கறை போற்றத்தக்கதே. ஆனால் காலக்கறையை நீக்கிக் கண்ணாடிப் பளபளப்பு ஏற்ற விரும்பி முதுகைத் தேய்ப்பவர், கோணத்தைக் குறுக்கி விளிம்பை நலிவுறச் செய்கிறார்.