கடலுக்குப் பட்ட கடன்



முத்துக்குளித்துறை என்று நம் கடற்கரைக்குப் பெயர். ஆனால் 1961-ம் ஆண்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. பார்களில் முதிர்ந்த சிப்பி போதிய அளவு இல்லாமையே காரணம்.

அதைத் திரும்ப உண்டாக்க மனிதர் முயலாமல் இல்லை. நமக்குச் சமீபமான வேப்பலோடையில் 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்புச் சிப்பியில் முத்து விளைவித்தார்கள். 1981-ல் தூத்துக்குடியில் சிப்பிக் குஞ்சையே தொட்டியில் பொரிக்கச் செய்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்தக் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் நீரில் மிதந்து, நுண்ணிய பாசியைத் தின்று, பிறகு நூல் விட்டு எதிலாவது ஒட்டிக்கொள்ளும். இப்படி வளர்த்த குஞ்சுகளில் பத்து லட்சமளவு, 1985 முதல் 1990 வரை பார்களில் விடப்பட்டன. சலாபம் திரும்பவில்லை. சின்னஞ்சிறு சிப்பி மீனுக்கும் நண்டுக்கும் எளிதில் இரையாகிவிடும்.

இதிலே ஒரு நியாயக் கேள்வி உண்டு. எடுத்ததைத் திரும்பக் கொடுக்க வேண்டுமென்பது ஏழாம் கட்டளையின் போதனை. சிப்பிக்கு நாம் எப்படிக் கடன்காரராவோம்? புத்தியில்லாத சீவனுக்கு மனிதன் கடன்பட முடியாதென்றே பழைய ஒழுக்க சாஸ்திரிகள் சொல்வார்கள். இருக்கட்டும். பார் யாருடையது? நாம் அதை உண்டாக்கவில்லை. நம்மோடு அது முடியவும் வேண்டியதில்லை. ஆகையால் உண்டாக்கின சர்வேசுரனுக்கும், இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

குஞ்சு விட்டதோடு அந்தக் கடன் தீர்ந்ததா? அயலான் மாட்டை ஓட்டிப் போனவன் ஒரு கன்றைக் கொண்டுவந்து நிற்கிறான். தொழுவத்தையும் அவனே இடித்திருக்கிறான், கிணற்றையும் தூர்த்திருக்கிறான். பாவசங்கீர்த்தனத்தில் அவனுக்கு எந்தக் குருவும் கன்று போதுமென்று சொல்லமாட்டார். கரிசலில் மிளகாய் போடுகிற உங்களுக்கு, நிலம் கெட்டபின் விதையால் என்ன பயன் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கன்று வேண்டாமென்றும் சொல்லக்கூடாது. தொழுவம் கட்டி முடியும்போது கட்டுவதற்கு ஓர் உயிர் வேண்டுமே!

நம் கடலில் தொழுவம் இடிந்த கதை பலருக்குத் தெரியும். சிப்பி குறைந்ததற்கு இதுவே காரணமென்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. 1986-ல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். கரைந்துவந்த வான் தீவுக்கு அருகே, 2015-க்குப் பின், துளையிட்ட சிமெண்டுக் கட்டைகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். அவற்றில் இப்போது பவளம் ஒட்டி வளர்கிறது, மீனும் அடைகிறது.