விச்சுளி

கார்த்திகை

குளம் முக்கால் பங்கு பெருகிவிட்டது. இன்னும் ரெண்டு நல்ல மழை விழுந்தால் மறுகால் பாய்ந்துவிடும் என்று கரையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். கரிசலில் கால் வைக்க முடியவில்லை. மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்புகிறது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு கரை ஏறினேன்.

மடைக்கல்லின் மேல் சிறு மீன்கொத்தி. மொத்தமே ஒரு சாண் நீளம் இருக்காது. முதுகில் நீலம், வயிற்றில் செம்மஞ்சள், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, தலைக்குப் பொருந்தாத நீள அலகு. அரை மணி நேரம் அது அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு எனக்கு மூக்கு அரித்தது. சொறிந்துவிட்டு நிமிர்ந்தபோது கல் காலியாக இருந்தது. தண்ணீரில் ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது.

●

மறுநாளும் போனேன். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சம் பின்பக்கமிருந்து விழும்படி இடம் பார்த்து, கருவேல நிழலில் உட்கார்ந்துகொண்டேன். நானூறு எம்.எம். லென்ஸ். நொடியை இரண்டாயிரத்து ஐந்நூறாக வெட்டி அதில் ஒரு துண்டை எடுக்கும் ஷட்டர் வேகம். பாய்ச்சலைப் பிடிக்க இது போதும் என்கிறார்கள்.

அலகு முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஆண். கீழலகு சிவந்திருந்தால் பெண். வந்தது பெண். வெற்றிலை போட்டது மாதிரி இருந்தது.

மூன்று தரம் பாய்ந்தாள். மூன்று தரமும் என் விரல் பிந்தியது. கார்டில் இருப்பவை: காலியான கல், காலியான கல், பாதி வால்.

●

பழைய தமிழில் மீன்கொத்திக்குச் சிரல் என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் இந்தப் பெயரில்தான் வருகிறது. சிச்சிலி என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது விச்சுளி. அந்தச் சொல்லே மேலிருந்து கீழே விழுகிறது.

விச்சுளி என்ற பெயரில் கூத்தில் ஒரு வித்தையும் உண்டு. கழைக்கூத்தி மூங்கிலின் உச்சியில் ஏறி, மீன்கொத்தி மாதிரி அந்தரத்தில் பாய்ந்து மீள்வாள். அந்த வித்தையைப் பற்றித் தமிழில் ஒரு கதை இருக்கிறது. பாண்டியன் சபையில் ஒருத்தி ஆடுகிறாள். அவள் பாயும் அந்தக் கணத்தில் அரசன் பக்கத்திலிருந்த அரசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊரே ஆரவாரிக்க, என்ன நடந்தது என்று திரும்புகிறான். பார்க்கவில்லை, மறுபடி ஆடு என்கிறான். மூச்சை அடக்கிச் செய்யும் வித்தை அது. ஒரு தரம் செய்தால் மறு தரத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆணையை மீற முடியாது. கழை உச்சியில் நின்று, மேலே போகும் பறவைகளைக் கூப்பிட்டு, நான் சாகிறேன் என்று வள்ளல் அயன்றைச் சடையனிடம் போய்ச் சொல்லுங்கள் என்று பாடிவிட்டுப் பாய்ந்தாள், இறந்தாள். அந்தப் பாட்டு தனிப்பாடலாக இன்றைக்கும் இருக்கிறது.

நடந்ததோ, யாரோ கட்டியதோ. இந்தக் கதையைச் சின்ன வயசில் கேட்டபோது எனக்கு அரசன் மேல்தான் கோபம் வந்தது. இப்போது அவனைக் கொஞ்சம் தெரிகிறது.

மார்கழி

பனி. தெற்கே காற்றாலைகள் கழுத்துவரை மூடியிருக்கின்றன, மேலே இறக்கை மட்டும் தெரிகிறது. ஆனி ஆடியில் உறுமுகிற ஆலைகள் இந்த மாதத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். படமெடுக்கிறவனுக்கு இதுதான் மாதம். ஆடிக் காற்றில் இந்த ஊரில் லென்ஸைக் கையில் நிறுத்த முடியாது. பறவையும் கம்பியில் நிற்காது.

இன்று வெண்மார்பு மீன்கொத்தி. இது பெரிசு, சாணுக்கு மேல் இருக்கும். பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, நீல முதுகு, அரைத்த மிளகாய் நிறத்தில் அலகு. பேர்தான் மீன்கொத்தி. குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மின்கம்பியில் உட்கார்ந்து உளுந்துக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்டுக்கிளி, ஓணான், தவளை, நண்டு, சுண்டெலி எதுவானாலும் சரி. ஓணானைப் பிடித்து வந்து கம்பத்தில் ஏழெட்டுத் தடவை அறைந்தது. வண்ணான் துறையில் துணி அடிக்கிற அதே முறை, அதே நிதானம். தண்ணீரை நம்பாமல் பிழைக்கக் கற்றுக்கொண்டதால்தான் இந்த மானாவாரிச் சீமையில் வருஷம் முழுக்க இது இருக்கிறது. சிறு மீன்கொத்தி குளத்தோடு வந்து குளத்தோடு போகும்.

●

கம்பி கட்டபொம்மன் நினைவிடத்தை ஒட்டிப் போகிறது. 1799 அக்டோபர் 16 அன்று அவரைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர் இது. சிவாஜி கணேசன் இடம் வாங்கிச் சிலை வைத்தது 1970-இல். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தைக் குறி வைப்பதைப் பார்த்து ஒருவர் பொறுக்க முடியாமல் வந்து, “சார், சிலை அந்தப் பக்கம் இருக்கு” என்றார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

●

என் கேமரா உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரகம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பும். அந்தக் கணம் பார்வைத் துளை இருண்டுபோகும். எத்தனையோ வருஷமாக இதைத் தெரிந்து வைத்திருக்கிறேன், இன்றைக்குத்தான் உறைத்தது. படத்தில் விழுந்த கணத்தை மட்டும், அதை எடுத்தவன் பார்த்திருக்க மாட்டான். மற்ற எல்லாவற்றையும் பார்த்திருப்பான்.

கண்ணாடி இல்லாத புது ரகத்தில் அந்த இருட்டு இல்லையாம். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நடந்ததைக்கூட அது சேர்த்து எடுத்துக்கொடுக்கும் என்று கடைக்காரர் சொன்னார். விலையைக் கேட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

பாண்டியனுக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் கழைக்கூத்தி பிழைத்திருப்பாள். அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தை

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-இலிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஆள் சேர்த்து நடத்துகிறது. இரண்டு நாள் நானும் கூடப் போனேன். வாத்தும் கொக்கும் நூறு நூறாக எண்ணிக்கொண்டிருக்கையில், தாளின் அடியில் மீன்கொத்திக்கு ஒரு கோடு. அடுத்த குளத்தில் இரண்டு கோடு. ஒவ்வொன்றும் தன் கரையைத் தனக்கென்று வைத்திருக்கிறது, பங்காளியை அண்டவிடாது. கூட்டமாக இருக்கத் தெரியாத பறவை கணக்கில் எப்போதும் ஏழைதான்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரு சோடி. இது கல்லில் உட்கார்ந்து காத்திருக்காது. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்துத் தொங்கும், அலகு நேர்கீழே பார்க்கும், பிறகு கல்லாய் விழும். படம் எடுக்க இதுதான் எளிது, எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எட்டுப் படம் நன்றாக வந்தன. ஏனோ அவற்றைத் திரும்பப் பார்க்கத் தோன்றவில்லை.

●

மா. கிருஷ்ணன் திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர், அ. மாதவையாவின் பிள்ளை. காட்டுயிர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். தானே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பட்டப்பேர் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

அவரை நினைத்துக்கொண்டு, கணினியில் என் மீன்கொத்திப் படங்களிலிருந்து நிறத்தை எடுத்துப் பார்த்தேன். பாதிப் படம் செத்துப்போயிற்று. நான் எடுத்திருந்தது நீலத்தைத்தான், பறவையை அல்ல. மிச்சமிருந்த பாதியில் இதுவரை காணாத சில தெரிந்தன. கழுத்து இல்லாத அந்த அமர்வு. உடம்புக்கு ஒட்டாத சின்னஞ்சிறு கால். முன்விரல்கள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அதனால் நன்றாக நடக்க முடியாது. பாய்வதற்கு முன் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துத் தூரம் அளக்கும் அந்த ஆட்டம். தண்ணீருக்குள் மீன் இருப்பது ஓரிடம், நமக்குத் தெரிவது வேறிடம். அந்த வித்தியாசத்தை அது எப்படியோ கழித்துக்கொள்கிறது.

நீலமும் சும்மா இல்லை. அந்த இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகுக்குள் பஞ்சு மாதிரி இருக்கும் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதுதான் நீலம். அம்மியில் வைத்து அரைத்தால் நீலம் போய்விடும். வயிற்றின் செம்மஞ்சள் அப்படியல்ல, அது நிஜச் சாயம். 

அந்த இல்லாத நீலத்துக்காக எத்தனை உயிர் போயிருக்கிறது. சீனத்தில் பெண்களின் தலை அணிகளில் மீன்கொத்தி இறகைக் கத்தரித்துப் பொன் தகட்டில் ஒட்டினார்கள். அதற்கு இங்கேயிருந்தும் தோல் தோலாகக் கப்பல் ஏறியது. பறவைச் சிறகு ஏற்றுமதிக்கு வெள்ளைக்கார அரசு 1902-இல்தான் தடை போட்டது.

மாசி

மடைக்கல்லில் இரண்டு. ஆண் மீனோடு வந்தான். சாதாரணமாக மீனைக் கல்லில் அறைந்து, தலை உள்ளே போகிறாற்போல் திருப்பித்தான் விழுங்கும். அப்படிப் போனால்தான் செதிளும் துடுப்பும் தொண்டையில் கிழிக்காது. இன்று மீனின் தலை வெளியே பார்த்தது. அப்படிப் பிடித்திருந்தால் அது தனக்கில்லை, கொடுப்பதற்கு என்று அர்த்தம். பெண் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

படம் வந்தது. கொஞ்சம் மங்கல்தான். வைத்துக்கொள்வேன்.

●

கைவிட்ட கமலைக் கிணறு ஒன்றில், கட்டாத பக்கத்து மண் சுவரில் ஒரு துளை. விளிம்பிலிருந்து வெள்ளையாக எச்சக் கோடு. வெண்மார்பன் உள்ளே போகிறது, வருகிறது. அலகால் குத்திக் குத்தி முழ நீளத்துக்குச் சுரங்கம் தோண்டியிருக்கும். வெளியே இவ்வளவு அலங்காரம், உள்ளே நாற்றம். கக்கிய ஓடும் எலும்புமாய் அதுதான் மெத்தை. இருட்டில் இடுவதால் முட்டைக்கு நிறம் கிடையாது, வெறும் வெள்ளை.

கிணற்றுக்குள் இறங்கிப் படம் எடுக்க ஒரு வழி இருந்தது, படிக்கல் இருக்கிறது. கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அது இரையோடு வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே போகாது. ஐந்து நிமிஷம் மேலே நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

●

தூத்துக்குடிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கல்லின் மேல் கால் வைத்துக்கொண்டு ஒரு மூச்சில் இறங்கி, மூச்சு முடியும்போது கயிற்றை ஆட்டி மேலே வந்தவர்கள். கடற்கரையில் நின்றபோது கழைக்கூத்திதான் நினைவுக்கு வந்தாள். கயிற்றை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார், கண் எடுக்காமல். அவளுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால்.

பங்குனி

குளம் வற்றி, மடைப் பக்கம் ஒரு குட்டை மட்டும் மிச்சம். சேறு பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மீனெல்லாம் அந்தக் குட்டையில் நெருங்கிக் கிடக்கிறது. சிறு மீன்கொத்தி இன்னும் போகவில்லை. நாளைக்கோ நாளன்றைக்கோ போய்விடும்.

கொஞ்சம் பிந்தித்தான் போக முடிந்தது, பஸ் வரவில்லை. கரையில் எப்போதும் ஆடு மேய்க்கும் பெரியவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நாலு மாசத்தில் என்னிடம் அவர் மொத்தமாகப் பத்துச் சொல் பேசியிருப்பார். இன்று தானாகவே ஆரம்பித்தார்.

“ஏய்யா, இப்பத்தான் பாஞ்சிச்சு. எம்மாம் பெரிய கெண்டை! சித்த முந்தி வந்திருக்கக் கூடாதா?”

“எப்படிப் பாஞ்சிச்சு?” என்று கேட்டேன்.

மடியிலிருந்து வலது கையை எடுத்தார். தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களைக் கூர்மையாகக் குவித்து, ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். கை அசையவே இல்லை. எந்த நொடியில் கிளம்பியது என்று தெரியவில்லை. சட்டென்று முழங்காலுக்குக் கீழே இறங்கி, தரையைத் தொடாமல், அதே வளைவில் மேலே ஏறித் தோளுக்கு வந்து நின்றது.

பிறகு ஒரு ஆடு கரையிறங்கி உளுந்துக்குள் போகவே, கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் இன்னொரு தரம் காட்டச் சொல்லவில்லை.