கோலும் கருணையும்

உயிரைப் பசுவென்றும், அதனைப் புரக்கும் முதல்வனைப் பசுபதியென்றும் வழங்கும் நமது சித்தாந்தம், வாயில்லா உயிர்களிடத்து நாம் ஒழுகவேண்டிய முறையையும் அப்பெயரிலேயே அடக்கி வைத்துளது.

சேதுவிற்குச் சென்று இராமநாதப் பெருமானை வழிபட்ட அடியாருட் பலர், அத் திருக்கோயில் யானை இராமலட்சுமியைக் கண்டு மகிழ்ந்திருப்பர். இராமநாதபுரக் கடற்கரையோ நிழலருகிய வெம்மணற் பரப்பு. யானைக்கு உடல் முழுதும் வியர்த்து வெப்பந் தணியும் இயல்பில்லை. அகன்ற செவிகளை அசைத்தும், நீரையும் மண்ணையும் மேலே தூவியுமே அது தன் வெம்மையை ஆற்றிக்கொள்ளும். ஆகலின், நிழலும் நீரும் ஓய்வும் அளியாது சுடுகல்லில் நிறுத்திவைத்து, அது பணியாதவழி அங்குசத்தால் வருத்துதல் பயிற்றுதலாகாது. 2021-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நடைபெற்ற கோயில் யானைகள் நலவாழ்வு முகாமிலேயே, திருவில்லிபுத்தூர்க் கோயில் யானை செயமால்யதா பாகரால் அடியுண்ட காட்சி பரவியதும், அடித்தோர் கைது செய்யப்பட்டதும் பலரும் அறிந்தனவே. நலம் பேணுமிடத்தும் அடி நீங்கவில்லையெனின், குறை இடத்தின்கணன்று, மனத்தின்கணென்க.

“இறைவனும் மறக்கருணையால் உயிர்களை ஒறுத்தே திருத்துகின்றான், ஆகவே பாகன் அடித்தலும் கருணையேயாம்” என்பாருமுளர். அது பொருந்தாது. இறைவன் முற்றுணர்வுடையன், ஒவ்வோருயிரின் வினையளவும் பக்குவமும் அறிந்து, தனக்கொரு பயன் கருதாது, அவ்வுயிரின் மலநீக்கம் ஒன்றே குறித்து ஒறுக்கின்றான். பாகனோ சிற்றுணர்வினன், யானை நோயால் நின்றதோ, அச்சத்தால் நின்றதோ அறியான், தன் வெகுளி தணியவும் தன் வேலை முடியவுமே அடிக்கின்றான். முன்னது அருள், பின்னது ஆணவத்தின் செயல்.

இதற்குச் சண்டேசுர நாயனார் வரலாறே சான்று. சேய்ஞலூரில், கன்றீன்ற பசுவொன்று முட்டப்புக, ஆயன் அதனைக் கோலால் அடித்தான். அது கண்டு மனம் பொறாத விசாரசருமர், அவனை விலக்கி ஆநிரை மேய்க்குந் தொழிலைத் தாமே மேற்கொண்டனர். அவர் கையிலுங் கோலுண்டு, கயிறுமுண்டு. ஆயினும் அக்கோல் பசுவின்மேற் பட்டதாகச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். நல்ல புல்லுள்ள இடத்து மேய்த்து, நன்னீர் ஊட்டி, நிழலில் அமர்த்தினார். பசுக்கள் அவரைக் கண்டவளவில் தாமே பால் பொழிந்தன. அடியாற் பெறலாகாததனை அன்பு பெற்றது. அக்கோலே பின்னர்ச் சிவபூசைக்கு இடையூறு நேர்ந்தவழி மழுவாயிற்று. கோல் எதன்மேற் செல்லற்பாலது, எதன்மேற் செல்லலாகாது என்பது இதனால் இனிது விளங்கும்.

வண்டிமாட்டை முட்கோலாற் குத்துதலை 1965-ஆம் ஆண்டின் இந்திய அரசு விதிகள் விலக்கின. அரசவிதி தண்டத்திற்கு அஞ்சிக் கையை மடக்கச் செய்யும். சிவநெறி உளத்தையே கனிவிக்கும். ஆதலின், யானையும் ஆநிரையும் பேணும் திருமடத்தாரும் கோயிலாரும், பாகரையும் ஆயரையும் தேரும்பொழுது, அவர் வன்மையினும் இரக்கத்தையே முதற்கண் ஆராய்வாராக. அடிக்கு அஞ்சி மண்டியிடும் யானையின் வணக்கத்தைப் பசுபதி உவந்து ஏற்பனோ? அன்பர் சிந்திக்க.