மூணு சீட்டும் தகுதி திறமையும்

எங்கய்யா பேரில் வாழ்நாளில் ஒரே ஒரு வழக்குத்தான் இருந்தது. சூதாட்ட வழக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல்லுக்கு வெளியே கொளத்துக்கரைக் கருவேல மரத்தடியில் அஞ்சு பேர் துண்டை விரித்து மூணு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அஞ்சு பேரும் தோல்ஷாப்புக் கூலிகள். அஞ்சு பேரும் சேரி. போலீஸ் வந்து சீட்டையும் துண்டையும் துண்டில் கிடந்த சில்லறையையும் ஆட்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. பந்தயப் பணம் மொத்தம் பதினேழு ரூபாய் சொச்சம். மறுநாள் பேப்பரில் 'பணம் வைத்துச் சூதாடிய ஐந்து பேர் கைது' என்று ரெண்டு வரி. அபராதம் கட்டுவதற்கு ஷாப்பு மேஸ்திரியிடம் வாங்கிய கடனை நாலு மாசம் கூலியில் பிடித்தார்கள்.

எங்காத்தாவுக்குச் சீட்டாட்டம் என்றாலே ஆகாது. விளக்குமாத்தை எடுத்துக்கொண்டு கொளத்துக்கரைக்கே போனவள். அவளே அன்றைக்குச் சொன்னாள்: "ஆடுனது தப்புத்தான். அதவிடப் பெரிய தப்பு ஆடுன எடம். நாலு செவுரும் ஒரு கதவும் இருந்திருந்தா எந்தப் போலீசுய்யா வரப்போகுது?"

எழுத்தறியாத அந்தப் பெண் சொன்ன நாலு சுவரும் கதவும் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பது பின்னால் சட்டம் படிக்கிற தோழர்களோடு பழகியபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1930ஆம் வருட மெட்ராஸ் சூதாட்டச் சட்டம்தான் கொளத்துக்கரையில் எங்கய்யாவைப் பிடித்த சட்டம். வெறும் திறமையால் ஆடுகிற ஆட்டத்துக்கு அது பொருந்தாது என்று அந்தச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. சூதாட்டம் வணிகமே கிடையாது, அதற்கு அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆனால் திறமைப் போட்டி வணிகம், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது. 1967இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் ரம்மியும் திறமைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. விழுகிற சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள். முழுக்க அதிர்ஷ்டத்தில் நடக்கிற ஆட்டத்துக்கு அந்தத் தீர்ப்பு காட்டிய உதாரணம் எது தெரியுமா? மூணு சீட்டு. எங்கய்யா ஆடிய அதே ஆட்டம்.

ஆட்டத்தில் கிளப்காரர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு எச்சரித்திருந்தது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ரம்மிக்குச் சீட்டை ஞாபகம் வைக்கிறவர்கள் இந்த வரியை மட்டும் ஞாபகம் வைக்கவில்லை. ஊர் ஊருக்கு 'மனமகிழ் மன்றம்' என்று போர்டு போட்ட கட்டடங்கள் வந்தன. எங்கள் ஆட்களுக்கு மனசு மகிழக் கருவேல மரத்தடிதான்.

சீட்டுக்காவது மூளை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குதிரைக்கு என்ன சொல்வது? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க ஒரு சட்டம் போட்டது. குடும்பங்கள் அழிகின்றன என்பதுதான் காரணம். வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் இழுத்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயமும் திறமை ஆட்டம்தான் என்று சொல்லிவிட்டது. குதிரையின் உள்ளார்ந்த ஆற்றல், அதற்குக் கொடுத்த பயிற்சி, சவாரி செய்கிறவனின் சாமர்த்தியம், இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்களாம். ஓடுவது குதிரை, ஓட்டுவது ஜாக்கி. காசு கட்டிவிட்டு நிழலில் நிற்கிறவனுக்குத் திறமை.

இந்த இடத்தில் எங்கய்யாவின் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற ஆட்டுத்தோலை அந்த விரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தே இன்றைக்கு மயிர் கழலும், இல்லை இன்னும் ஒரு ராத்திரி கிடக்கட்டும் என்று சொல்லிவிடுவார். கணக்குத் தப்பினால் தோல் வெந்து நைந்துபோகும், ஷாப்புக்காரருக்குப் பெரிய நட்டம். ஆவாரம்பட்டைத் தண்ணியின் பதத்தை மூக்கால் சொல்வார். சுண்ணாம்பு தின்று தின்று அந்த விரலில் ரேகையே கிடையாது. இந்த வேலைக்குக் கொடுத்த பேர் 'கூலி'. முப்பது வருஷத்தில் அதை ஒருத்தரும் திறமை என்று சொன்னதில்லை.

ஆகவே 1990இல் மண்டல் அறிக்கையை அமல்படுத்துவதாக வி.பி. சிங் அறிவித்தவுடன் 'தகுதி, திறமை என்ன ஆவது?' என்று வடக்கே கூச்சல் கிளம்பியபோது எனக்கு அந்தச் சொல் புதிதாக இருக்கவில்லை. வகுப்பில் நான் நல்ல மார்க் எடுத்தபோது 'கோட்டாவுல வந்தவனுக்குப் பரவாயில்ல' என்று வாத்தியார் ஒருத்தர் சிரித்தது காதில் இருந்தது. எவன் கையில் இருந்தால் ஒரு காரியம் திறமை, எவன் கையில் இருந்தால் அதே காரியம் பழக்கம், கூலி, சூது என்று பிரிக்கிற அதிகாரம் ஒன்று இந்த நாட்டில் வெகுகாலமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அது வகுப்பறையிலும் இருக்கிறது, கோர்ட்டிலும் இருக்கிறது. நீதிபதிகள் சாதி பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சட்டத்தின் சொல்லை எடுத்தார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

அய்யா திறமையை நம்பவில்லை. அவருக்குச் சீட்டை விட லாட்டரிதான் பிடிக்கும். கூலி போடுகிற சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கண்பார்வை இல்லாத ஒருவரிடம் ஒரு ரூபாய்ச் சீட்டு வாங்கி, மடித்து, டவுசர் பைக்குள் வைத்துக்கொள்வார். 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அண்ணா காலத்தில், 1968இல் அரசாங்கமே தொடங்கிய வியாபாரம். இடையில் நின்று, மறுபடி வந்து, பூட்டான் சிக்கிம் என்று வெளிச் சீட்டுகளும் வந்து குவிந்தன. ஆத்தா திட்டும்போது அய்யா ஒரு பதில் சொல்வார்: "இந்தத் துண்டுக் கடுதாசி ஒண்ணுதான் புள்ள, என்னய நீ யாரு எந்தத் தெருன்னு கேக்காமக் குடுக்குறான்."

இதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். டீக்கடையில் தனிக் கிளாஸ் கொடுத்த சமூகத்தில், எண்ணுக்கு மட்டும் சாதி தெரியாது. சமத்துவம் வேறு எங்கேயும் கிடைக்காதவனுக்கு அதிர்ஷ்டத்தில் சமத்துவம் கிடைக்கிறது. பேராசை என்று இதை ஒதுக்கிவிட முடியுமா? ஆனால் அய்யா பார்க்காத ஒன்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து பிராமணச் சபை, குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி எடுத்து ஆள் தேர்ந்தெடுத்தது. அதுவும் குலுக்கல்தான், அதற்கு ஜனநாயகம் என்று பேர் கொடுத்துப் பெருமைப்படுகிறோம். அந்த ஓலையில் பேர் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் வேண்டும். குடத்துக்குள்ளே எல்லோரும் சமம். நம் பேர் அந்தக் குடத்துக்குள் போனதே இல்லை. லாட்டரிக் குடத்தில் மட்டும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து எதுவும் எடுக்கிறதற்காக இல்லை, நிரப்புகிறதற்காக.

அரசாங்கத்தின் அறம் எப்படி என்று 1999இல் உச்ச நீதிமன்றமே போட்டு உடைத்தது. ஒரு மாநிலம் தன் லாட்டரியை விற்றுக்கொண்டே பக்கத்து மாநில லாட்டரியைத் தடுக்கக் கூடாது, தன்னுடையதையும் நிறுத்தினால்தான் அடுத்தவனுடையதை நிறுத்தலாம் என்றது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு இங்கே எல்லா லாட்டரியையும் நிறுத்தியது. நல்ல காரியம், ஆத்தாவுக்குச் சந்தோஷம். கண்பார்வை இல்லாத அந்த மனுசன் என்ன ஆனார் என்று தெரியவில்லை. அதே வருஷம் நவம்பரில் சாராயச் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. ஆத்தாவின் சந்தோஷம் பதினோரு மாசம் இருந்தது.

இனி என் தங்கச்சி மகன் கதை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. 2020 ஊரடங்கில் மில் மூடிக்கிடந்த நாளில் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தான். முதலில் கொஞ்சம் வந்தது. பிறகு போனது. போனிலேயே கடன் கொடுக்கிற ஆப்புகளில் வாங்கினான். பிறகு தங்கச்சி மகளிர் குழுவில் வாங்கி வைத்திருந்த மாட்டுக் கடன். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். ஒருநாள் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பியவன் மில்லுக்குப் போகவில்லை. கரட்டுப் பக்கம் விடிய விடியத் தேடி உயிரோடு கூட்டிவந்தோம்.

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். அவன் சொன்னது என்னை நிறுத்திவிட்டது. "இது சூதாட்டம் இல்ல மாமா. திறமை ஆட்டம். கோர்ட்டே சொல்லியிருக்கு. நெறயப் பேரு ஜெயிக்கிறாங்க. எனக்குத்தான் வெளையாடத் தெரியல."

எங்கய்யா தோற்றபோது நேரத்தைத் திட்டினார், நம்பரைத் திட்டினார், ஒரு தடவை பூட்டான் ராஜாவையே திட்டினார். தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. பேரனுக்கு அந்த ஆறுதல்கூட இல்லை. 'உன் திறமைக்குப் பரிசு' என்கிற மாதிரி நாடறிந்த நடிகர்கள் போனில் வந்து பேசினார்கள். பள்ளிக்கூடத்திலும் மில்லிலும் யாரும் அவனைப் பார்த்துச் சொல்லாத சொல் அது. அந்தச் சொல்லுக்குத்தான் அவன் பணம் கட்டினான். தோற்றவுடன் அந்தச் சொல்லே திரும்பி அவன் கழுத்தைப் பிடித்தது: உனக்குத் திறமை இல்லை. பொதுப் போட்டியில் தோற்ற நம் பிள்ளைகளிடம் இந்தச் சமூகம் சொல்கிறது இதைத்தான். வாய்ப்பைப் பிடுங்கியவன் கணக்கில் ஒன்றும் எழுதாமல், குற்றம் முழுவதையும் தோற்றவன் தலையில் ஏற்றுகிற தந்திரம். அதிர்ஷ்டம் என்று சொல்லி ஏமாற்றுகிற சூதைவிடத் திறமை என்று சொல்லி ஏமாற்றுகிற சூது கொடியது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் போட்டு, 2021இல் அதைச் சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தி.மு.க. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022 ஜூனில் குழு போட்டது; அக்டோபரில் புதுச் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் கையெழுத்தானது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றை எடுத்துவிடு என்றது. எங்கே சுற்றியும் அதே சொல். பிறகு 2025 பிப்ரவரியில் ராத்திரி பன்னிரண்டு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி வந்தது. ராத்திரி ஷிப்டுக்காரனுக்குப் பகல்தான் ராத்திரி என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதே கூடாது என்று சட்டம் இயற்றியது. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம்; டெல்லி அதில் கைவைத்தது பற்றித் தனியாகச் சண்டை போட வேண்டும். கம்பெனிகளின் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் அந்த ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டதற்காக அந்தச் சட்டத்தை நான் கொஞ்சம் மதிக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மாநிலச் சட்டம் ஆடியவனுக்கு மூணு மாசம் வரை ஜெயில் அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. மத்தியச் சட்டம் ஆடியவனை விட்டுவிட்டு நடத்துகிறவனையும் விளம்பரம் செய்கிறவனையும் பிடிக்கிறது. நம் சட்டமன்றத்தில் 234 பேரில் 44 பேர் தனித்தொகுதிக்காரர்கள், நம் நிலக்கோட்டையும் அதில் ஒன்று. ஏமாந்தவனுக்கு எதற்கய்யா ஜெயில் என்று அவர்களிடம் கேட்க வேண்டியது நம் வேலை. கொளத்துக்கரையில் எந்த வீட்டு ஆட்களை முதலில் அள்ளுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

சூதை நான் ஆதரிக்கவில்லை. பண்டை ஆரியச் சமூகத்தின் சூதுப் பழக்கத்தை அம்பேத்கர் விரிவாகவே எழுதியிருக்கிறார். நாடு நகரம் பொண்டாட்டி எல்லாம் பகடையில் வைத்தவர்கள் தர்மராஜாக்கள் ஆனார்கள். பௌத்தம் அப்படிப் பூசி மெழுகவில்லை. சிகாலனுக்குச் சொன்ன உபதேசத்தில் சூதின் கேடுகளைப் புத்தர் எண்ணிச் சொல்கிறார். அதில் ஒன்று, சூதாடியின் வார்த்தை சபையில் ஏறாது. ஏறாது என்றால் அதற்கு முன்னால் ஏறியிருக்க வேண்டுமே! சூதே ஆடாத எங்காத்தாவின் வார்த்தை எந்தச் சபையில் ஏறியது? சபையில் வார்த்தை ஏறுகிறவனுக்குச் சொன்ன அறத்தை அப்படியே எடுத்து எங்கள் தலையில் வைக்க முடியவில்லை. எங்களுக்கு அது இன்னும் முன்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தங்கச்சி மகன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். பட்டன் போன்தான் வைத்திருக்கிறான். போன மாசம் வீட்டுக்குப் போனபோது புதுச் சட்டத்தைப் பற்றித் தங்கச்சியிடம் சொன்னேன். ஆடுனவன் மேல கேஸ் இல்லை, நடத்துனவனுக்குத்தான் ஜெயில் என்றதும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "போன காசு வருமாண்ணே?" என்றாள். வராது என்றேன். குழுக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்னும் பதினாலு தவணை இருக்கிறது.