கோணிய சுவரும் கோணாத நெஞ்சும்

வீட்டைக் கட்டிப் பார் என்பது நம் முன்னோர் வாக்கு. பணிநிமித்தமாகத் தில்லி, மும்பை, கொல்கத்தா எனப் பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நம்மவரிடையே அவ்வாக்கு இன்னும் ஆழ்ந்த பொருள் உடையது. வாடகை வீடுகளிலும் அரசுக் குடியிருப்புகளிலும் காலத்தைக் கழித்து, ஓய்வு பெறும் பருவத்தில்தான் பலரும் சொந்த மனையில் கால் ஊன்றுகின்றனர். வீடு எழும்பி, துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் சிறிது மண் ஒதுக்கி, அதனைச் சுற்றி ஒரு சுவரும் எடுத்துவிட்டால் பணி நிறைவுறும். அச்சுவரே கடைசி வேலை. கையிலுள்ள பணமும் மனத்திலுள்ள பொறுமையும் ஒருங்கே வற்றிய வேளையில் நடைபெறும் வேலை. ஆதலால், வீட்டில் நேராத குறையெல்லாம் தோட்டச் சுவரில் வந்து சேர்வதில் வியப்பில்லை.

புதுச்சுவர் கோணி நிற்கிறது. விரலால் சுரண்டினாலே கலவை உதிர்கிறது. இந்நிலையில் செய்யத்தக்கது யாது? கூலியை நிறுத்துவதா? இடித்துக் கட்டச் சொல்வதா? ஏழைத் தொழிலாளி என்று பொறுத்துக்கொள்வதா? வினா சிறியதாகத் தோன்றினும், நீதியும் இரக்கமும் எதிரெதிரே வந்து நிற்கும் இடம் இது. ஆகவே சற்று நின்று ஆராயத்தக்கது.

குறையை அறிதல்

சினங்கொள்ளுமுன் குறை இன்னதென்று அறிதல் வேண்டும். செங்கல்லைக் கட்டுமுன் நீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட் இறுகுவதற்கு வேண்டிய நீர் கிடைக்காமற்போய்க் கலவை பொடியாகும். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது இத்தகைய சுவருக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவு. மணல் அதற்குமேல் ஏற ஏற வலு குன்றும். காலையில் குழைத்து இறுகத் தொடங்கிய கலவையைப் பிற்பகலில் மீண்டும் நீர் விட்டுக் குழைத்தாலும் அவ்வாறே. ஒரு வரிசையின் செங்குத்து மூட்டுக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் மூட்டு அமைதல் கூடாது. நாலரை அங்குலச் சுவரை நீளமாக எடுத்தால் இடையிடையே தாங்குதூண் வேண்டும். ஒருபுறம் மண் உயர்ந்திருந்தால் மழைநீர் வெளியேறத் துளைகள் வேண்டும். கட்டி முடித்தபின் ஏழு நாளேனும் சுவர் காயாமல் நீர் விட வேண்டும்.

இவற்றை அறிந்து நோக்கினால் குறைகள் இருவகையாகப் பிரியும். மூட்டுகளின் அகலம் ஒவ்வாமை, சாந்து வழிந்த கறை, பூச்சின் மேடுபள்ளம் ஆகியவை கண்ணுக்குக் குறை. தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் தெரியும் சாய்வு, கடைக்காலின் ஆழமின்மை, உதிரும் கலவை, நீர்த்துளை இன்மை ஆகியவை உயிருக்குக் குறை.

மன்னிக்கும் உரிமை

கண்ணுக்குக் குறை நமக்கு நேர்ந்த இழப்பு. அதனை நாம் மன்னிக்கலாம். அம்மன்னிப்பு பெருந்தன்மையும் ஆகும். ஆனால், உயிருக்குக் குறையை மன்னிக்கும் உரிமை நமக்கு இல்லை. ஏனெனில், சுவர் விழும்போது கட்டச்சொன்னவர் மீதே விழும் என்னும் உறுதி இல்லை.

2019ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று, புனே நகரின் கோந்துவா பகுதியில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் அடுத்திருந்த குடிசைகள் மீது சரிந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர் குடும்பங்களில் 15 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பெரும்பாலோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பெருமழையின்போது, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து அருகிலிருந்த எளியோர் வீடுகள் மீது விழுந்தது. 17 உயிர்கள் மாய்ந்தன. மாண்டவருள் எவரும் அச்சுவர்களைக் கட்டச்சொன்னவர் அல்லர்.

நம் தோட்டச் சுவர் அத்துணை உயரம் இல்லாதிருக்கலாம். மார்பளவுச் சுவராயினும், அதன் நிழலில் விளையாடும் குழந்தைக்கு அது மலைதான். "பாவம், போகட்டும்" என்று நாம் விட்டுவிடும்போது, நம் இரக்கத்திற்குரிய விலையை அக்குழந்தை கொடுக்க நேரலாம். பிறர் பொருளை எடுத்து வழங்குவது கொடை ஆகாது. பிறர்க்கு வரும் ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது பொறையும் ஆகாது. ஆகவே, அத்தகைய சுவரை இடித்துத்தான் ஆக வேண்டும்.

பிழை யாருடையது?

இடிப்பது என்று துணிந்தபின், அதன் சுமையை யார்மீது ஏற்றுவது? திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளை ஆராய்ந்து தேர்தலும், அவரிடம் வினையை ஒப்படைத்தலும், வேலை வாங்குபவர்க்கும் கடமையுண்டு என்பதை நினைவூட்டுவன.

பிழை மூன்று வழியாக வரும். அறியாமையால் வருவது ஒன்று; அவசரத்தால் வருவது ஒன்று; வஞ்சகத்தால் வருவது ஒன்று. தில்லியில் விடியற்காலையில் லேபர் சௌக் எனப்படும் நாற்சந்திகளில் வேலைக்குக் காத்து நிற்போரில், கைதேர்ந்த கொத்தனாரும் உண்டு. நேற்றுவரை சித்தாளாக இருந்து இன்று கரண்டி பிடித்தவரும் உண்டு. குறைந்த கூலிக்கு ஒப்புவோரையே தேடி அழைத்து வந்தவர், கைத்திறன் குறைந்தது என்று மட்டும் வியப்பது முறையாகாது. நான்கு நாள் வேலையை இரண்டு நாளில் முடிக்க நெருக்கியவர்க்கும் அவசரத்தின் பிழையில் பங்குண்டு. ஏழு நாள் நீர் விடும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டாரிடமே விடப்படுகிறது. மூன்றாம் நாளே அதனை மறந்த வீட்டார், கலவை உதிர்வதற்குக் கொத்தனாரை மட்டும் குற்றஞ்சாட்டுதல் தகாது.

வஞ்சகம் வேறு. சிமெண்டுக்குப் பணம் பெற்று, அதில் பாதியை மணலாக்கிய ஒப்பந்தக்காரர் இரக்கத்திற்கு உரியவர் அல்லர். அவரிடம் உறுதியாக நின்று ஈடு கேட்பதே அறம். 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வீடு கட்டும் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் சேவைகளுள் சேர்ந்தது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதனை ஏற்றுள்ளது. ஆனால், அவ்வொப்பந்தக்காரர் சொன்னபடி கலவை குழைத்த சித்தாளின் கையில் அளவை மாற்றும் அதிகாரம் இருந்ததா என்று கேட்க வேண்டும். அதிகாரம் எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு.

கூலியும் ஈடும்

கூலியை நிறுத்துதல் எளிது. அதனாலேயே அது ஐயத்திற்கு உரியது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்க்கு ஒருநாள் கூலி நின்றால் அன்றிரவு அடுப்பு எரியாது. நமக்கோ, சுவர் சரியாகும் வரை காத்திருத்தல் மனக்கசப்பு ஒன்றுதான். கட்டடத் தொழிலாளர்க்கென 1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நடுவணரசுச் சட்டமும், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்தது. சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் நம் நெஞ்சமே சாட்சி.

ஈடு எவ்வளவு என்பதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் நல்ல அளவுகோல் ஒன்றைத் தருகிறது. அதன் 73ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையை ஒப்புக்கொண்டு முன்பணம் பெற்றவர் ஒப்பந்தப்படி செய்யாமற்போன நிலையைக் கூறுகிறது. அவ்வேலையை ஒப்பந்தப்படி ஆக்குவதற்கான செலவை அவரிடமிருந்து பெறலாம் என்பது அதன் கருத்து. நம் சினத்திற்கும் அலைச்சலுக்கும் தனி விலை வைத்து முழுத்தொகையையும் மறுப்பதற்கு அங்கு இடம் காணோம். ஒரு மூலை சாய்ந்திருந்தால் அம்மூலைக்குரிய செலவே ஈடு.

ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியைச் சுவரைச் சோதித்தபின் தருவதாக வேலை தொடங்குமுன்னரே எழுதிக்கொள்வது நேர்மை. வேலை முடிந்தபின் காரணம் தேடிப் பிடித்துக்கொள்வது நேர்மையன்று. அவ்வாறு எழுதிக்கொள்ளும்போதும் நாட்கூலிக்கு வந்தவரின் கூலி அதில் சேர்தல் ஆகாது. கொத்தனாரே திருத்தித் தர இசைந்தால், முதலில் அவருக்கே வாய்ப்பளித்தல் நன்று. தன் கையால் கோணியதைத் தன் கையாலேயே நிமிர்த்தும்போது தொழிலாளி தொழில் கற்கிறார். அவர் மானமும் காக்கப்படுகிறது.

சொல்லும் முறை

இறுதியாக ஒன்று. குறை கண்டவுடன் "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்" என்னும் சொல் நாவில் எழுவதுண்டு. அதனை நம்மவர் சொல்லலாகாது. வேற்றூரில் ஒருவர் செய்த பிழைக்காக "மதராசி" என்று ஓர் இனமே ஏளனத்திற்கு ஆளான காலத்தை நம்முள் மூத்தோர் கண்டவர். பெங்களூரின் பல கட்டடங்கள் தமிழகத்திலிருந்து சென்ற சித்தாள்களின் தலைச்சுமையால் எழுந்தவை. இன்று தமிழகத்திலோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் கரண்டி பிடிக்கின்றனர். எங்கும் சுவர் எடுப்பவருள் பலர் ஊர்விட்டு வந்தவரே. நாமும் ஊர்விட்டு வந்தவரே. அரைகுறை இந்தியில் நாம் சொன்னது அவருக்கு விளங்கியதா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

எனவே, கொத்தனாரைச் சுவரின் அருகே அழைத்துத் தூக்குக்குண்டை விட்டுக் காட்டுவோம். அவர் கண்ணாலேயே சாய்வைக் காணட்டும். சாய்ந்த பகுதியை இடிக்கச் சொல்வோம். அவர் திருத்தும் நாளில் உடனிருந்து நீர் விடுவோம். அன்றைய சித்தாளின் கூலியை அன்று மாலையே கொடுப்போம். சுவரின் குறையில் தளர்வும் மனிதரிடத்தில் கடுமையும் காட்டுவது உலக வழக்கு. அவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பதே இவ்வினாவிற்கு நாம் காணும் விடை.