சூலையும் நீற்றறையும் படிக்காசும்

துன்பம் வந்துழித் துளங்காமையை நெஞ்சுரம் என்றும், உள்ளது கொண்டு அமைதலை மனநிறைவு என்றும் உலகோர் இருவேறு குணங்களாகப் பகுத்துரைப்பர். அவை சிலர்க்குப் பிறவியிலேயே வாய்ப்பன என்பாரும் உளர். சைவ சித்தாந்தம் இதற்கு உடன்படாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றாகலின், அதன் உரமும் நிறைவும் அது பற்றி நிற்கும் சார்பினின்றும் வருவனவேயாம். திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றினும் இதற்குச் சிறந்த சான்று யாம் அறிந்திலம்.

நாயனார் தருமசேனர் என்னும் பெயரொடு பாடலிபுத்திரத்துச் சமணரிடைத் தலைமை பெற்றிருந்த ஞான்று அவரைச் சூலைநோய் பற்றியது. குண்டிகை நீரும் மயிற்பீலியும் மந்திரமும் பயன்படாதொழிந்தன. கற்றுவல்ல அப்பெரியார் நோய் பொறுக்கலாற்றாது, தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் விடுத்து, அவர் அவ்விடத்திற்கு வாரேன் என்று கூறியபின், தாமே இரவில் மறைந்து திருவதிகை அடைந்தார். சொற்பொழிவாளர் சிலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். நாயனார்க்கு இழுக்கென்று அஞ்சுவர் போலும்! சேக்கிழார் பெருமான் அஞ்சினாரல்லர், விரித்தே ஓதினார்.

அவ்வுடம்பே பின்னர்ப் பல்லவன் ஆணையால் நீற்றறையில் 7 நாள் இருந்தது. சூலைக்கு ஆற்றாத உடம்பு சுண்ணாம்புக் காளவாய்க்கு ஆற்றியது எங்ஙனம்? இடையில் வளர்ந்தது உடல்வலியன்று. கல்வியும் அன்று, அது முன்னரே நிரம்பியிருந்தது. மாறியது சார்பு ஒன்றே.

இனி, துன்பத்தைப் பொறுத்தவன் இன்பத்தையும் பொறுப்பான் என்பது ஒருதலையன்று. வறுமையில் நேர்நின்று செல்வம் வந்தக்கால் கோணினாரை நாடோறும் காண்கின்றோம். (மடங்களின் புறத்தே மட்டும் காண்கின்றோம் எனின், அது முகமனாய் முடியும்.) திருப்புகலூரில் நாயனார் உழவாரம் இட்ட இடத்தெல்லாம் பொன்னும் மணியும் பொலிந்தன. அவர் அவற்றைச் சிறுகல்லின் வேறாக எண்ணாது வாரி வாவியில் எறிந்தார். இருவினையொப்பு என்று நம் நூல்கள் கூறுவது இந்நிலையே. இன்பதுன்பங்கள் உணரப்படாமை அன்று அது; உடம்புள்ளளவும் பிராரத்தம் ஊட்டியே தீரும். நல்வினை தீவினை இரண்டன்கண்ணும், அவற்றின் பயன்கண்ணும் உவர்ப்பு ஒப்ப நிகழ்தலே அதுவென்க.

ஈங்கு ஓர் ஐயம் எழும். புகலூரில் பொன்னை எறிந்த அக்கை, முன்னர்த் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது காசை ஏற்றதன்றோ? ஆம், ஏற்றது. இறைவன் நாடோறும் பீடத்தில் வைத்தருளிய படிக்காசைக் கொண்டு நாயனாரும் ஆளுடைய பிள்ளையாரும் அடியார்க்கு அமுதளித்தனர். மனநிறைவாவது பொருளை வெறுத்தல் என்று கொண்டார் இவ்விடத்துத் தடுமாறுவர். மிழலைக்காசு அடியார் பசியைச் சார்ந்து வந்தது. புகலூர்ப் பொன் எவர் பசியையும் சார்ந்து வந்ததன்று. பொருளைக் கொள்ளலும் தள்ளலும் நாயனார்க்குத் தொண்டினாலேயே அமைந்தன. பிள்ளையார் பெற்ற காசு வட்டம் கழிக்கப்பட்டே கடைத்தெருவில் மாறியது. நாயனார் காசோ வாசியின்றிச் சென்றது. அதனால் நாயனார் திருமடத்தில் அடியார் முற்பட அமுதுசெய்தனர். காலத்தாழ்வின் காரணத்தை வினவியறிந்த பிள்ளையார், அரசர் கைத்தொண்டு செய்தலின் அவர்க்கு நற்காசு கிடைப்பதாயிற்று எனத் தெளிந்து, வாசி தீருமாறு பதிகம் பாடினர். பின் மழை பொழிந்து விளைவு பெருக, இருவரும் பிற பதிகளை வணங்கித் திருமறைக்காடு சென்றனர். படிக்காசு மிழலையோடு நின்றது. உழவாரம் புகலூர் வரை நாயனார் கையில் இருந்தது.